பிரேக்கை மிதித்தால் ஹாரன்

அந்த கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குள் 'கோளாறு' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சுவரில் எழுதிப் போடவில்லைதான். ஆனால் சொல்லிவிட்டால் வரவேற்பு மேசையில் இருப்பவரின் முகம், சாவு வீட்டில் விசிலடித்தவனைப் பார்ப்பது போல் ஆகிவிடும். அங்கே எந்த வண்டிக்கும் கோளாறு வருவதில்லை. 'அனுபவ வேறுபாடு' மட்டுமே வரும். டிரைவிங் வாத்தியார் இதைத் தெரிந்துகொண்டபோது, அவருடைய காரில் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வாத்தியாருக்குச் சொத்து என்று சொன்னால் அந்த ஒரு கார்தான். எல் போர்டு மாட்டிய, சுமாரான வயதுள்ள கார். பக்கத்து சீட்டில் உட்காரும் அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஊரில் பாதிப் பேர் அதில்தான் கிளட்சை விடப் பழகினார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்து ஒதுங்கப் பழகினார்கள். வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. உள்பக்கம்தான் நைந்துபோயிருந்தது. பயந்தவர்களின் வியர்வை குடித்துக் குடித்து சீட் கவர் நிறம் மாறிவிட்டது. கதவுப் பேனல்கள் கிழிந்திருந்தன. கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி, உயரமான மாணவர்களின் தலையில் உட்கார்ந்துகொண்டது. கொசுவலைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மருந்துக்கடை அக்கா ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வாத்தியாருக்கு ரோஷம் வந்தது.

மருந்துக்கடை அக்கா அவரிடம் படித்தவர்களிலேயே வயதில் மூத்தவள், படிப்பில் மந்தம். அவள் கணவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மொத்தக் கடையிலிருந்து மருந்து எடுத்து வருவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் நின்றுபோயிருந்தது. லைசென்ஸ் வாங்கினால் கடை பிழைக்கும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். அதையும் வாத்தியார் எப்படியோ மாற்றிவிட்டார்.

வெளியே ஒரு ஷெட்டில் கொடுத்தால் போதும் என்றுதான் வாத்தியாரின் மனைவி சொன்னாள். வாத்தியார் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் செய்தால்தான் கம்பெனி வேலையாக இருக்கும் என்றார். 'உள்ளழகுப் புத்துயிர்த் திட்டம்' என்ற பெயரில் சர்வீஸ் சென்டரில் அப்போது ஒரு சலுகை ஓடிக்கொண்டிருந்தது. பெயரிலேயே மயங்கிவிட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த விழாவைச் சொல்லியாக வேண்டும். சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். வாத்தியாரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியை உருவ, சீருடைக்காரர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். புதுப் பேனல்கள் பளபளத்தன. கூரைத் துணி விறைப்பாக நின்றது. கதவுகளில் பூட்டைத் தூக்கும் குமிழ்கள்கூட வெளியே தெரியாமல் உறைக்குள் மறைந்திருந்தன. அழகுக்காக அப்படிச் செய்தோம் என்று சொன்னார்கள். வாத்தியாரின் மனைவி, நம் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் கை தட்டவில்லை என்று அவர் காதில் சொன்னாள்.

வெளிவாசலில் வாத்தியார் பிரேக்கை மிதித்தார். ஹாரன் அலறியது. தனக்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்த காவலாளி அரக்கப்பரக்க ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு சல்யூட் வைத்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதே கதைதான். இடது இண்டிகேட்டர் போட்டால் ரேடியோ நின்றது. ஜன்னலை இறக்கினால் கூரை விளக்கு எரிந்தது. எதுவுமே தொடாதபோது கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன, திறந்துகொண்டன. சிக்னலில் முன்னால் நின்ற ஒருவர் வண்டியைவிட்டு இறங்கி வந்து, வாத்தியாரின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே போய் நின்றார். வரவேற்பு மேசையில் இருந்தவருக்குச் சிரிப்பு என்பது சீருடையின் ஒரு பகுதி. காலையில் மாட்டிக்கொண்டு வந்தால் மாலையில்தான் கழற்றுவார். அவரை நாம் சிரிப்பதிகாரி என்றே வைத்துக்கொள்வோம். வாத்தியார் நடந்ததையெல்லாம் சொல்லி, வயரிங்கில் ஏதோ கோளாறு என்று முடித்தார். சாவு வீட்டு விசில் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"சார், நம்ம வளாகத்துல அந்த வார்த்தையைத் தவிர்க்கறோம்," என்றார் சிரிப்பதிகாரி. "பிரேக் மிதிக்கும்போது உங்களுக்கு ஹாரன் கேக்கற மாதிரி ஒரு உணர்வு. அப்படி எழுதிக்கலாமா?"

"உணர்வு இல்லங்க. தெருவே திரும்பிப் பாக்குது."

"சரி சார். தெருவுக்கும் அந்த உணர்வு இருக்குன்னு சேத்துக்கறேன்."

வண்டி உள்ளே போயிற்று. கண்ணாடி போட்ட ஒருவர், கழுத்தில் அட்டை தொங்க, ஸ்கேனர் என்ற கையடக்க மெஷினை ஏந்திக்கொண்டு வந்தார். இவர் நிபுணர். வண்டியைத் தொடுவது நிபுணருடைய வேலை அல்ல. மெஷினைத் தொடுவதுதான் அவர் வேலை, மெஷின் வண்டியைத் தொடும். ஸ்டியரிங்குக்கு அடியில் மெஷினைச் செருகிவிட்டு, தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு காத்திருந்தார். 'அனைத்தும் நலம்' என்று பச்சை எழுத்து வந்தது.

வாத்தியார் கையை நீட்டிப் பிரேக்கை அழுத்தினார். ஹாரன் அலறியது. நிபுணர் மெஷினைத்தான் பார்த்தார். அனைத்தும் நலமாகவே இருந்தது. நான்கு கதவும் மூடியிருப்பதாகவும் மெஷின் சொல்லியது. அந்த நேரத்தில் டிரைவர் பக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாத்தியார் அதைச் சுட்டிக்காட்டினார். நிபுணர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து போய்க் கதவை மூடினார்.

"கதவைத் திறந்து வெச்சு மெஷினைக் குழப்பாதீங்க," என்றார். "இது மேலிடத்துல அங்கீகரிச்ச மெஷின். இதுக்குத் தெரியாத ஒரு பிரச்சினை வண்டில இருந்தா, அது அங்கீகாரம் இல்லாத பிரச்சினை. அதை நாங்க தொட முடியாது."

ஆனாலும் நிபுணர் கல்நெஞ்சக்காரர் அல்ல. வாத்தியாரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நிலைமையை விளக்கினார். பேனல் மாட்டியது அலங்காரப் பிரிவு. வயரைப் பார்ப்பது மின் பிரிவு. வயர் பேனலுக்குப் பின்னால் ஓடுகிறது. மின் பிரிவு பேனலைக் கழற்றினால் அலங்காரத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் போய்விடும். அலங்காரப் பிரிவு கழற்றலாம். ஆனால் வயரில் பிரச்சினை இருப்பதாக மின் பிரிவு உறுதி சொன்னால்தான் கழற்றும். பேனலைக் கழற்றாமல் மின் பிரிவு எப்படி உறுதி சொல்லும்? சொல்லாது. இரண்டு பிரிவும் ஒரே கூரைக்கு அடியில்தான் இருந்தன. நடுவில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவரிடம் கேட்டால் அந்தப் பக்கம் கை காட்டினார். அந்தப் பக்கம் போனால் இவர் கை காட்டினார். வாத்தியார் மஞ்சள் கோட்டின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றார். கோட்டின் மேல் நிற்கக்கூடாது என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டி நலம், ஆகவே ஓட்டுகிறவரிடம்தான் ஏதோ இருக்கிறது. வாத்தியார் அளவுக்கு மீறிப் பிரேக் மிதிக்கிறார் என்று பதிவு செய்து, 'ஓட்டுநர் பழக்கச் சீரமைப்பு வகுப்பு'க்கு அனுப்பினார்கள். பாதி வாழ்க்கையை அடுத்தவன் மிதிக்க மறந்த பிரேக்கை மிதித்தே கழித்த மனுஷன், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பிரேக் என்றால் என்ன என்று படம் பார்த்தார். வகுப்பு எடுத்தவர் நல்ல குரல்வளம் உள்ளவர். பாதத்துக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார். இடைவேளையில் வாத்தியார், நீங்கள் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்," என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஓட்டறவங்களுக்கு ஓட்டறதோட பாரம் இருக்கும். எனக்கு அது இல்ல. அதனாலதான் என்னால தெளிவா சொல்லித்தர முடியுது."

வாத்தியார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாணவர்கள் வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள் என்று போன் வந்திருந்தது. ஹாரன் சத்தத்தில் பழகுகிற பிள்ளைகள் ராத்திரி தூக்கத்தில் திடுக்கிடுகிறார்களாம்.

மருந்துக்கடை அக்கா மட்டும் போகவில்லை. டெஸ்ட் நெருங்கிவிட்டது, வேறு வண்டியில் பழக அவளுக்குத் துணிச்சல் இல்லை. டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி நெஞ்சுவலி வந்து தேறியவர், சத்தமே ஆகாது. பிரேக்கைத் தொடாமல் கிளட்சிலேயே சமாளித்து அக்கா அருமையாக ஓட்டினாள். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். முடிவில் அதிகாரி வண்டிக்கு முன்னால் நின்று, இங்கே நிறுத்துங்கள் என்று கையைக் காட்ட, அக்கா பிரேக்கை மிதித்தாள். அதிகாரி அரை அடி எழும்பி இறங்கினார். வாத்தியார் எவ்வளவோ விளக்கினார். பரீட்சை அதிகாரியைப் பார்த்து ஹாரன் அடித்தவருக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. இறங்கி, எல் போர்டைத் துடைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டாள். "மாஸ்டர், அந்தக் கம்பெனிக்கு வழி சொல்லுங்க," என்றாள். "நானே ஓட்டறேன். வழியெல்லாம் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்."

அடித்தது. ஊர்வலம் போலப் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா வரவேற்பு மேசையின் முன் நின்று, கோளாறு என்ற சொல்லைச் சொன்னாள். சிரிப்பதிகாரியின் முகம் மாற மாற, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். காத்திருப்பு அறையில் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். என் வண்டியிலும் கோளாறுதான் என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்த நோய் பரவக்கூடியது என்பதை உணர்ந்த சிரிப்பதிகாரி மேலாளருக்குத் தகவல் கொடுத்தார்.

மேலாளர் கோட்டும் டையுமாக இறங்கி வந்தார். வந்ததும் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். கம்பெனி ஒரு குடும்பம் என்றும், வாடிக்கையாளர் அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை என்றும், மூத்த பிள்ளை சொல்வதையெல்லாம் குடும்பம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னார். பிறகு, இந்த வண்டியில் ஒன்றுமில்லை என்பதைத் தானே ஓட்டிக் காட்டப்போவதாக அறிவித்தார். சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஏறி உட்கார்ந்தார்.

முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். திருப்பத்தில் பிரேக். ஹாரன். அடுத்த திருப்பத்தில் பிரேக். ஹாரன். ஒவ்வொரு தடவையும், வேண்டுமென்றே அடித்தவரைப் போல, யாரையோ பார்த்துக் கையசைத்துக்கொண்டார். நல்ல வெயிலில், முற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி அணைத்தார். அப்போது நான்கு கதவும் சேர்ந்தாற்போலப் பூட்டிக்கொண்டன.

மேலாளர் பூட்டுப் பொத்தானை அழுத்தினார். கூரை விளக்கு எரிந்தது. ஜன்னல் பொத்தானை அழுத்தினார். கூரை விளக்கு அணைந்தது. பூட்டுக் குமிழைத் தேடினார். அது உறைக்குள் அழகாக மறைந்திருந்தது. கதவுக் கைப்பிடியை இழுத்தார். புதுக் கைப்பிடி சிரமமே கொடுக்காமல் அவர் கையோடு வந்துவிட்டது. அதைக் கண்ணாடி வழியாகத் தூக்கிக் காட்டினார். ஏதோ சாதித்துவிட்டார் என்று நினைத்து ஊழியர்கள் கை தட்டினார்கள்.

விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாவி உள்ளே இருந்தது. வாத்தியாரின் மாற்றுச் சாவி வீட்டில் இருந்தது. நிபுணர் மெஷினோடு ஓடிவந்தார். செருகுமிடம் காருக்குள் இருந்ததால், மெஷினைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி என்றார். கண்ணாடியை உடைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, கண்ணாடி என்பது பாடிப் பிரிவுக்குச் சேர்ந்தது, அவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

உள்ளே மேலாளர் டையைத் தளர்த்தினார். கோட்டைக் கழற்றினார். ஊழியர்கள் யாருடைய போனும் வேலை நேரத்தில் கையில் இருக்கக்கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருந்ததால், அவரால் கம்பெனியின் உதவி எண்ணைத்தான் அழைக்க முடிந்தது. வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். தன் பெயரில் இல்லை என்றார். அப்படியானால் சொந்தக்காரரைப் பேசச் சொல்லுங்கள் என்றார்கள். நான் யார் தெரியுமா என்று கத்தினார். அந்தத் தகவல் எங்களிடம் கேட்கப்படவில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் போனைக் கண்ணாடியில் அழுத்தி, ஒலியைக் கூட்டினார். வாத்தியார் குனிந்து காதை வைத்தார்.

"சொல்லுங்க சார், உங்க அனுபவ வேறுபாடு என்ன?"

"உங்க மேலாளர் என் வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டாரு."

"அது உங்களுக்கு எந்த மாதிரி உணர்வைத் தருது சார்?"

வாத்தியார் கண்ணாடிக்கு அப்பாலிருந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகம் சிவந்து, வியர்த்து, வாயை மீன் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நேர்மையாகச் சொல்வதென்றால், மோசமான உணர்வு என்று சொல்ல முடியாது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. அவசரம், உடனே ஆள் வேண்டும் என்றுதான் சொன்னார். அடுத்த வாரத்தில் ஒருநாள் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அதைக் கேட்டபோதுதான் மேலாளருக்குப் பொறுமை போயிற்று. பதவி, படிப்பு, பாதத்துக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு எல்லாம் மறந்துபோய், காலடியில் பக்கவாட்டிலிருந்த புதுப் பேனலை ஓங்கி ஓர் உதை விட்டார். பிறகு இன்னொன்று. அக்கா வெளியிலிருந்து, இன்னும் கொஞ்சம் கீழே என்று கை காட்டினாள். மூன்றாவது உதையில் பேனல் பெயர்ந்து விழுந்தது. நான்கு பூட்டும் ஒரே சத்தத்தோடு திறந்துகொண்டன.

ஊழியர்கள் மேலாளரைத் தாங்கிப் பிடித்து நிழலுக்குக் கொண்டுபோனார்கள். வாத்தியார் குனிந்து பார்த்தார். பேனலை மாட்டப் போட்டிருந்த திருகாணி, வேண்டியதைவிட நீளமாக இருந்தது. அது பின்னால் போன வயர்க்கட்டுக்குள் நுழைந்து நாலைந்து வயர்களைத் தோலுரித்து ஒன்றோடொன்று சேர்த்துவைத்திருந்தது. உதையில் திருகாணி பேனலோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நிபுணரும் எட்டிப் பார்த்தார். சிரிப்பதிகாரியும் பார்த்தார். இரண்டு பிரிவுக்காரர்களும் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தார்கள். திருகாணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் வயர்களைப் பிரித்து, டேஷ்போர்டு டப்பாவில் கிடந்த டேப்பைச் சுற்றினார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிரேக் பிடித்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு அமைதியான ஒரு பிரேக்கை அவர் கேட்டதே இல்லை என்று அப்போது தோன்றியது.

மேலாளர் தண்ணீர் குடித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தலை கலைந்திருந்ததே தவிர, மற்றபடி பழைய ஆள்தான்.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்திடம். "வண்டில ஒண்ணுமில்லன்னு நான் சொன்னேன். இப்ப ஒண்ணுமில்ல. நிர்வாகம் நேரடியா காலை வெச்சா எதுவும் சரியாயிடும்."

கை தட்டல் ஓய்ந்ததும், பேனலை மறுபடி மாட்டி அனுப்பச் சொன்னார். அலங்காரமில்லாமல் ஒரு வண்டி தங்கள் வாசலைத் தாண்டினால் கம்பெனிக்கு அவமானமாம். அலங்காரப் பிரிவுக்காரர் பேனலையும் அதே நீளத் திருகாணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் அக்கா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வந்தீங்கன்னா கால் மேல ஏத்திடுவேன்," என்றாள். "எனக்கு லைசென்ஸ் கிடையாது. கேஸ் போட்டாலும் என்கிட்டேர்ந்து எதைப் பறிப்பாங்க?"

வாத்தியார் ஓடிப்போய் மறுபக்கம் ஏறிக்கொண்டார். லைசென்ஸ் இல்லாதவளுக்குத்தான் கேஸ் இன்னும் பலமாக வரும் என்று வழியில் அவளுக்கு விளக்கிச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே, இண்டிகேட்டர் போட்டு, ரேடியோ நிற்காமல், அழகாகத் திருப்பினாள்.

அடுத்த டெஸ்டில் அதே அதிகாரிதான் வந்தார். இந்த முறை வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று கையைக் காட்டினார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னார். பிறகு பாஸ் போட்டார். அன்று சாயங்காலமே அக்கா கணவரைத் தங்கள் பழைய வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த மனிதருக்கு எதிரே வருவது தெரிகிறதோ இல்லையோ, காது நன்றாகக் கேட்டது. ஹாரனே அடிக்க மாட்டேன் என்கிறாள், கொஞ்சம் சொல்லிவையுங்கள் என்று வாத்தியாரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

விட்டுப்போன மாணவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். காலடிப் பேனல் இல்லாமல், டேப் சுற்றிய வயர்கள் வெளியே தெரிய வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாரும் கம்பெனியை மறக்கத் தொடங்கினார். அப்போதுதான் அங்கே வேறு வேலையாகப் போய்வந்த ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மேலாளருக்கு மேலிடத்தில் பரிசு கொடுத்திருக்கிறார்களாம். அவருடைய முறையை ஆராய்ந்து, எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்களாம். இப்போதெல்லாம் அனுபவ வேறுபாட்டோடு வரும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, நிபுணர் சீருடைக் காலணி அணிந்து, காலடிப் பேனலில் மூன்று உதை விடுகிறாராம். பாதத்துக்கும் மனதுக்கும் தொடர்பு சொன்னவர்தான் உதைக்கப் பயிற்சி கொடுக்கிறாராம். திருகாணியின் நீளம் மாறவே இல்லை.

வாத்தியார் நம்பவில்லை. அவராகக் கதை கட்டுகிறார் என்று நினைத்தார். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. சிரிப்பதிகாரியின் குரல். சிரிப்பு போனிலும் கேட்டது.

"சார், உங்க வண்டிக்கு இலவசப் பராமரிப்பு உதை ஒண்ணு பாக்கி இருக்கு. எப்ப வந்து வாங்கிக்கறீங்க?"

வாத்தியார் ரிசீவரைக் கையில் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேண்டாங்க," என்றார் வாத்தியார். "அதை அங்க இருக்கறவங்களே ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சு எடுத்துக்குங்க."

மறுமுனையில் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது.

"நன்றி சார். குறிச்சுக்கிட்டேன். மேலாளர்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன்."